செல்லம் இருந்த இடத்தில் ஓர் இருமல்

கங்காணி சதாசிவம் அன்று இருமவில்லை.

கேட்பதற்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது. ஆனால் ஒரு வருஷமாக அந்தத் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் நின்றவர்களுக்கு, அந்த இருமல் சேவல் கூவுவதைப் போலப் பழகிப்போன ஒன்று. கங்காணிக்கு எழுத்து வாசனை கிடையாது. தன் கீழே வேலை செய்பவர்களின் பெயர்களை ஒரு பாட்டைப் போல நெட்டுருப் போட்டு வைத்திருந்தார். இருட்டோடு ஆட்களை வரிசையாக நிறுத்தி, வீரமுத்துவில் ஆரம்பித்து வெள்ளையம்மாவில் முடிப்பார். அவரவர் பெயருக்கு அவரவர் “இருக்கேனுங்க” என்று சொல்ல வேண்டும். அதுதான் பெரட்டு. முகத்தைப் பார்க்க மாட்டார், குரல் வந்தால் அவருக்குப் போதும். நடுவில் ஒரு பெயரை உருவிவிட்டால் பாட்டு தடுமாறி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வரும். அதனால் போன வருஷம் செல்லம் ஓடிப்போன பிறகு, அங்கம்மாவுக்கும் வெள்ளையம்மாவுக்கும் நடுவே அவள் பெயர் வர வேண்டிய இடத்தில் ஓர் இருமலை வைத்துக்கொண்டார். ஆட்கள் குடியிருந்த லயமே அதைச் சொல்லிச் சிரித்தது. வெள்ளையம்மா மட்டும் சிரித்ததில்லை.

மாசிக் கடைசி. ரப்பர் விலை விழுந்து பாதித் தோட்டங்கள் மூடிக் கிடந்த வருஷம். சிம்பாங் ரெங்கம் என்ற ஊருக்கு மேற்கே, அவர்கள் தோட்டத்துக்கும் மாரியம்மன் கோயில் இருக்கும் அடுத்த தோட்டத்துக்கும் நடுவில் ஒரு பெரிய சதுப்புக்காடு. சர்க்கார் அதை ரிசர்வ் காடு என்று வேலி இல்லாமலே அடைத்து வைத்திருந்தது. மழைக்காலத்தில் அதற்குள் கால் வைக்க முடியாது. சுற்றிக்கொண்டு போனால் ஒரு நாள் நடை. வெயில் காய்ந்து தண்ணீர் வற்றும் இந்த ஒரு மாதத்தில் மட்டும், யாரோ எப்போதோ குறுக்கே போட்டு வைத்த மரக்கட்டைகள் வெளியே தெரியும். அதன்மேல் காலை வைத்து வரிசையாக நடந்தால் மூன்று மணி நேரத்தில் திருவிழாவுக்குப் போய்விடலாம். காட்டைக் காக்கும் மலாய்க்காரக் கார்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தான். எத்தனை பேர் உள்ளே போகிறார்களோ, அத்தனை பேர் வெளியே வர வேண்டும். அதனால் நுழையும்போது ஒரு பெரட்டு, பாதி வழியில் ஒன்று, வெளியேறும்போது ஒன்று.

நுழையும்போது எடுத்த பெரட்டில்தான் கங்காணி இருமவில்லை.

“பேச்சியம்மா.”

“இருக்கேனுங்க.”

“அங்கம்மா.”

“இருக்கேனுங்க.”

“செல்லம்.”

கங்காணி கொஞ்சம் நின்றார், ஒருவர் பதில் சொல்லி முடிப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகு, பதில் கிடைத்துவிட்டதைப் போலத் தலையை ஆட்டிக்கொண்டு, “வெள்ளையம்மா” என்றார்.

“இருக்கேனுங்க,” என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் வரிசை நகர ஆரம்பித்துவிட்டது.

முன்னால் போன அங்கம்மாவின் தோளைத் தொட்டாள். அங்கம்மா மஞ்சள் சீலை கட்டி, தலையில் பொங்கல் பானையும் வாயில் வெற்றிலையுமாகக் கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி போய்க்கொண்டிருந்தாள்.

“கேட்டியாக்கா? பேர் சொல்லிக் கூப்புட்டாரு.”

“யார் பேர?”

“செல்லம் பேர.”

“அலமாக்! காலையிலேயே ஒனக்கு வெயில் ஏறிடுச்சா? எப்பவும்போல இருமுனாரு. நடடி.”

அங்கம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. அதுதான் பயமாக இருந்தது.

காட்டுக்குள் நுழைந்ததும் வெயில் போய்விடும் என்று நினைத்திருந்தார்கள். வெயில்தான் போயிற்று, சூடு போகவில்லை. மூன்று வாரமாக அந்தச் சதுப்பு அடியிலிருந்து எரிந்துகொண்டிருந்தது. தீயைக் கண்ணால் பார்க்க முடியாது; ஆயிரம் வருஷத்து இலையும் வேரும் மக்கிக் கறுத்த அந்த மண்ணே உள்ளுக்குள் கனன்று, காலுக்கடியில் எங்கிருந்தோ வெள்ளைப் புகையை விட்டுக்கொண்டிருந்தது. புகை மேலே எழும்பாமல் இடுப்பளவில் தேங்கி, மரங்களுக்கு நடுவே மெதுவாகப் புரண்டு, கடுகு கருகியதைப் போல ஒரு நெடியை மூக்கில் ஏற்றி, நாக்கில் கசப்பாகப் படிந்தது. கட்டைகளுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் வற்றிய குழிகளில் கறுப்புச் சேறு மேலே பொருக்குத் தட்டிக் கிடந்தது. அதற்குள் கோலை விட்டால் கோல் முழுதும் போய்விடும் என்று ஆண்கள் சொல்லிக்கொண்டார்கள். பதினெட்டுப் பேரும் கங்காணியும் ஒற்றை வரிசையில், பெரட்டில் நிற்கும் அதே முறையில் போனார்கள். வெள்ளையம்மா கடைசி.

“ஒரு குருவி கத்துதா பாரு,” என்றாள் அங்கம்மா, திரும்பாமலே. “பொகைக்குப் பயந்து எல்லாம் பறந்துடுச்சாம். கார்டு சொன்னான். மூணு வாரமா இந்தக் காட்டுல ஒரு பறவை கெடையாதாம்.”

வெள்ளையம்மாவுக்குப் பறவையைப் பற்றிப் பேச்சே ஆகாது.

போன மாசியில் இதே திருவிழா முடிந்து, இதே கட்டைகளின் மேல் திரும்பி வந்துகொண்டிருந்தபோது, செல்லம் அவளை முன்னால் தள்ளிவிட்டுச் சொன்னாள்: “நீ போடி. நுனி சுருண்ட கீரை எவ்ளோ கெடக்கு பாரு. ஒரு மடி பறிச்சிக்கிட்டு ஓடி வந்துடறேன். கெழவன் பேரு கூப்புட்டா நீ சொல்லிடு.”

அது ஒன்றும் புதிதில்லை. செல்லம் பெரட்டுக்குப் பிந்துகிற நாளெல்லாம் வெள்ளையம்மாதான் அவளுக்காகப் பதில் சொல்வாள். தோட்டத்தில் இதைச் செய்யாதவர் யார்? செல்லம் கொஞ்சம் மூக்கால் பேசுவாள். வெள்ளையம்மா அதை இன்னும் கொஞ்சம் கூட்டி “இருக்கேனுங்க” என்பாள். முடிக்கும்போது சிரிப்பு முட்டிக்கொண்டு வரும், வாயைப் பொத்திக்கொள்வாள். அன்றைக்கும் காட்டு விளிம்பில் கங்காணி கூப்பிட்டபோது இரண்டு குரலில் இரண்டு பதில் சொன்னாள். பெரட்டு சரியாக இருந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

செல்லம் வரவில்லை.

மறுநாள் தேடினார்கள். ஆனால் எங்கே தேடினார்கள்? ரோட்டில், ஸ்டேஷனில், சிங்கப்பூருக்கு லாரி போகும் சந்தியில். காட்டைவிட்டு வெளியே வந்தவளைக் காட்டுக்குள் யார் தேடுவார்கள்? காதாரப் பதில் கேட்டதாகக் கங்காணி சாமி மேல் சத்தியம் செய்தார். எவனோடோ ஓடிவிட்டாள் என்று முடிவாயிற்று. வெள்ளையம்மா வாயைத் திறக்க நினைத்தாள். கங்காணியின் பிரம்புக்குப் பயந்து அன்று தள்ளிப்போட்டாள். மறுநாள், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயந்தாள். இரண்டாம் ராத்திரி, செல்லத்தின் புருஷன் வீரமுத்து லயத்துக்கு வெளியே நின்று சதுப்புப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான். “யாரோ கூப்புடுற மாதிரி இருக்கும்மா,” என்றான். அவளுக்கும் கேட்டது. தெளிவாகவே கேட்டது.

“அது பறவைண்ணே,” என்று சொன்னாள் வெள்ளையம்மா. “போய்ப் படுங்க.”

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. சதுப்பு நிரம்பியது. சத்தம் நின்றது.

பாதி வழியில் ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. அங்கே உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். வியர்வையில் புகை ஒட்டிக்கொண்டு எல்லோர் முகமும் சாம்பல் பூசியது போல இருந்தது. வீரமுத்து தகர டப்பாவில் தண்ணீர் கொண்டுவந்து அவளிடம் நீட்டினான்.

“குடிம்மா. ஒதடெல்லாம் வெடிச்சிருக்கு.”

வாங்கிக்கொண்டாள். ஒரு மடக்குக் குடித்தாள்.

“இந்தத் திருவிழா முடிஞ்சதும் கங்காணி சொன்ன பொண்ணக் கட்டிக்கலாம்னு இருக்கேன்,” என்றான் அவன், யாரிடமோ மன்னிப்புக் கேட்கிறவன் மாதிரி. “ஒரு வருஷம் பாத்தாச்சு. ஓடுனவ ஓடுனவதான். ஆனா ஒண்ணும்மா, அவ எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருந்தா நா தடுத்திருக்க மாட்டேன். அதான் மனசு ஆறல.”

இன்றைக்கு இவனிடம் சொல்லிவிட வேண்டும், அம்மன் முன்னால் போய் நிற்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று நாளாகத் தன்னைத் தயார் செய்து வைத்திருந்தாள் வெள்ளையம்மா. அதற்காகவே கிளம்பி வந்தாள்.

“அண்ணே...”

“என்னம்மா?”

அவன் கண் புகையில் சிவந்திருந்தது. அதைப் பார்த்தாள்.

“மூட்டைக் கயிறு அவுந்திருக்குண்ணே. கட்டிக்குங்க.”

அவன் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டான். தன்னைப் போல ஒரு கோழை இந்த உலகத்தில் இருக்க மாட்டாள் என்று வெள்ளையம்மா நினைத்துக்கொண்டாள். நிஜமும் அதுதான்.

மறுபடி கட்டைகளின் மேல் வரிசையாக நின்றார்கள். இரண்டாவது பெரட்டு. இதற்குள் புகை தடித்து, அங்கம்மாவுக்கு முன்னால் நிற்கும் பேச்சியம்மா வெறும் நிழலாகத் தெரிந்தாள். அதற்கு முன்னால் யாருமே தெரியவில்லை. எங்கோ முன்னாலிருந்து கங்காணியின் குரல் மட்டும், ஒவ்வொரு பெயராக, பாட்டுப்போல வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் பதில் சொன்னது. நெருங்கி வந்தது.

“அங்கம்மா.”

“இருக்கேனுங்க.”

இருமிவிடு, இருமிவிடு என்று வெள்ளையம்மா வேண்டிக்கொண்டாள்.

“செல்லம்.”

“இருக்கேனுங்க.”

அவளுக்குப் பின்னாலிருந்து.

அவள்தான் கடைசி. அவளுக்குப் பின்னால் கட்டையும் புகையும் தவிர ஒன்றும் கிடையாது. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. பயந்ததைவிட மோசமாக ஒன்று அந்தக் குரலில் இருந்தது. அது செல்லத்தின் குரல் இல்லை. கூடுதலாக மூக்கில் இழுத்த குரல். முடிகிற இடத்தில் ஒரு சிரிப்பு, வாயைப் பொத்தி அடக்கிய சிரிப்பு. செல்லத்தைப் போல வெள்ளையம்மா பேசும் குரல் அது.

“வெள்ளையம்மா.”

அவள் காலடிக் கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வெள்ளையம்மா! தூங்குறியா?”

“இருக்கேனுங்க,” என்று எப்படியோ சொன்னாள். முன்னால் யாரோ சிரித்தார்கள். வரிசை நகர்ந்தது.

கட்டைகள் காய்ந்து லேசாகிவிட்டதால் மிதிக்கும்போதெல்லாம் ‘டொக்’ என்று ஒரு சத்தம் எழுந்தது. முன்னால் அங்கம்மாவின் கால்: டொக். தன் கால்: டொக். பின்னால்: டொக். நின்று பார்த்தாள். தன் கால் நின்ற பிறகு, பின்னால் ஒரு தரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அவள் புறப்பட்டதும் புறப்பட்டது. அவசரப்படவில்லை. வரிசையில் ஓர் ஆள் விட வேண்டிய இடைவெளியை ஒழுங்காக விட்டு வந்தது.

“அங்கம்மாக்கா, நா ஒனக்கு முன்னால போறேன். காலத் தள்ளி வழி விடு.”

“எங்கடி தள்ளறது, சேத்துக்குள்ளயா? வரிசைய மாத்துனா கெழவன் உரிச்சிடுவாரு.”

“அப்ப ஒன் முந்தானையப் புடிச்சிக்கிட்டு வரேன்.”

“புடிச்சிக்க, புடிச்சிக்க. சின்னப் பாப்பா,” என்று சிரித்தாள் அங்கம்மா.

மஞ்சள் முந்தானையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். புகை கண்ணைக் கரித்தது. கரிக்காவிட்டாலும் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பாள். திறந்து வைத்தால் திரும்பிப் பார்த்துவிடுவோம் என்று பயமாக இருந்தது. வாய்க்குள் மாரியாத்தா மாரியாத்தா என்று சொல்லிக்கொண்டு, துணி இழுத்த பக்கமெல்லாம் காலை எடுத்து வைத்தாள். எண்ணெயும் மஞ்சளும் வெற்றிலையும் கலந்த அங்கம்மாவின் வாசனை துணியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது ஆறுதலாக இருந்தது. பின்னால் கேட்ட சத்தம்கூட நின்றுவிட்டது. நூறு எட்டு, இருநூறு எட்டு. சொல்லிவிடுவேன், என்று நினைத்தாள். வெளியே போனதும் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவேன். அவ ஓடலண்ணே. நான்தான் கொன்னேன்.

அப்படி நினைத்ததும் மனசு லேசாயிற்று. ஒரு வருஷத்தில் முதல் தடவை.

கொஞ்ச தூரம் போன பிறகுதான், துணியில் அந்த வாசனை இல்லை என்பதைக் கவனித்தாள். பச்சைக் கீரை கிள்ளிய வாசனை வந்தது. சேற்று வாசனை வந்தது. கைக்குள் இருந்த துணி ஈரமாக இருந்தது.

மூன்று வாரமாகச் சொட்டுத் தண்ணீர் இல்லாத காட்டில், பிழிந்தால் ஒழுகும் ஈரம். குளிர்ந்த ஈரம்.

‘டொக்’ என்ற சத்தமும் இல்லை. பின்னாலும் இல்லை, முன்னாலும் இல்லை. தன் காலடியிலும் இல்லை. கால் மெத்தென்று எதிலோ பதிந்தது.

கண்ணைத் திறந்தாள்.

பச்சைச் சீலை. போன மாசித் திருவிழாவுக்கு இரண்டு பேரும் ஒரே நாளில் எடுத்தது. இடுப்பு வரைக்கும் கறுப்புச் சேறு. தலைமுடியில் சேறு. முகம் தெரியவில்லை, முதுகுதான். அது திரும்பவில்லை. குனிந்தது. நுனி சுருண்ட கீரையை ஒவ்வொன்றாகக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டது. பட். பட். பட்.

வெள்ளையம்மா துணியை உதறினாள். சுற்றியிருந்த ஈரம் கையைவிட்டுப் போக ஒரு கணம் ஆயிற்று. திரும்பி ஓடினாள். மூன்று எட்டு. நான்காவது எட்டில் பொருக்கு உடைந்தது.

இடுப்பு வரை.

கையை ஊன்றினாள். கை போயிற்று. இழுத்தாள். அசைந்தால் இறங்கியது. மேலே சேறு குளிர்ந்திருந்தது. கீழே, பாதத்துக்கு அடியில், சுட்டது.

கத்தினாள். புகையில் வெந்த தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது.

கீரை கிள்ளும் சத்தம் நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தால் அங்கே யாரும் இல்லை.

அப்போது கேட்டது. இடது பக்கம், அவ்வளவு தூரமில்லை, ஒரு கூப்பிடு தூரம். கங்காணியின் குரல்.

“வீரமுத்து.”

“இருக்கேனுங்க.”

மூன்றாவது பெரட்டு! காட்டு விளிம்புக்குப் போய்விட்டார்கள். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. வெள்ளையம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கத்த வேண்டியதே இல்லை. தன் பெயரைக் கூப்பிடுவார். பதில் வராது. மறுபடி கூப்பிடுவார். அங்கம்மா திரும்பிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு ஐயோ என்று கத்துவாள். ஆண்கள் கயிறு கொண்டு ஓடி வருவார்கள். பதில் வராமல் இருந்தால் போதும். செல்லத்துக்கும் அது போதுமாகத்தான் இருந்திருக்கும்.

“பேச்சியம்மா.”

“இருக்கேனுங்க.”

சேறு மார்புக்கு வந்தது.

“அங்கம்மா.”

“இருக்கேனுங்க.”

கங்காணி இருமினார். எப்பவும்போல, செல்லம் வர வேண்டிய இடத்தில், ஓர் இருமல்.

“வெள்ளையம்மா.”

அமைதி.

மூச்சை நிறுத்திக்கொண்டு அந்த அமைதியைக் கேட்டாள். இன்னும் ஒரு கணம். இன்னும் ஒரே ஒரு கணம், தாயே.

“இருக்கேனுங்க.”

அவள் குரல். கொஞ்சம் கூட்டிச் சொன்னது. முடிகிற இடத்தில் ஒரு சிரிப்பு.

“சரி. பெரட்டு முடிஞ்சது. நடங்க,” என்றார் கங்காணி.

“வெளிய வந்தாச்சே, இன்னும் என்னடி முந்தானையப் புடிச்சிக்கிட்டு?” இது அங்கம்மா. “ஐயய்ய, ஏன்டி ஒன் கை இப்படி ஜில்லுனு இருக்கு?”

யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வெள்ளையம்மா கழுத்தை நிமிர்த்தினாள். வாய்க்குள் சேறு வருவதற்கு முன் இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினாள். இந்தத் தடவை சத்தம் வந்தது. கிழிந்து, நீண்டு, மரங்களுக்கு மேலே போயிற்று.

காலடிகள் நின்றன.

“யாரோ கூப்புடுற மாதிரி இருக்கும்மா,” என்றான் வீரமுத்து.

“அது பறவைண்ணே,” என்றது வெள்ளையம்மாவின் குரல். “வாங்க, போலாம்.”